தெளிந்த தண்ணிக்கு எந்த நிறம்?

"இந்த நிறத்தை மாட்டிக்கிட்டுப் போனீங்கன்னா உங்க பையன் விழுந்து விழுந்து சிரிப்பாம்மா" என்றார் ரெய்னோ.

"சிரிக்கட்டுமே. அவன் சிரிச்சு நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்றாள் அந்தப் பெண். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

கோலீன் என்று பெயர் சொல்லியிருந்தாள். மகனுக்காக டெட்ராய்ட்டிலிருந்து வருகிறாளாம், தூண்டிலைத் தொட்டதுகூடக் கிடையாதாம். எலுமிச்சைப் பச்சையில் கண்ணைப் பறிக்கும், தூண்டிலில் மாட்டுகிற ஒரு ரப்பர் மீனை எடுத்து வைத்துக்கொண்டு, வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்று நின்றாள்.

ரெய்னோவுக்குப் பொறுக்கவில்லை. மிச்சிகன் குளிருக்குப் பயந்து, பனிக்காலம் முழுக்க மனைவி எல்சாவோடு ஃப்ளோரிடாவில் இருந்துவிட்டு அவர் அன்றைக்குத்தான் ஏரிக்கரைத் தூண்டில் கடையைத் திறந்திருந்தார். ஊரில் இன்னும் ஒருவரையும் பார்த்துப் பேசவில்லை. முதல் வியாபாரமே தப்பான நிறமா?

"பையன் எங்கேம்மா இருக்கான்?" காபியை நீட்டியபடி கேட்டாள் எல்சா.

"இந்த ஏரியிலதான். ஏப்ரல்லேருந்து."

"பனி உருகினதுமே வந்துட்டானா? சரியான மீன் பைத்தியமா இருப்பான் போல!" என்றார் ரெய்னோ.

"நானும் அப்படித்தாங்க திட்டினேன். நல்ல வேலையை விட்டுட்டு பாஸ் மீன் பிடிக்கப் போறேன்னான். அப்படிப் போறவன் எனக்குப் பிள்ளையே இல்ல, இனிமே இந்த வாசப்படி ஏறாதேன்னுட்டேன். அப்புறம் அவனாத்தான் போன் பண்ணினான். ரெண்டு தடவை. பாவி, நான் எடுக்கவே இல்ல."

எல்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்தவ தேடி வந்து நின்னா எந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கும்? கவலைப்படாதீங்கம்மா. உங்களைப் பார்த்தாலே போதும் அவனுக்கு."

"அவன் கண்ணுல படணுமே. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

ரெய்னோவும் இளகிவிட்டார். கோபித்துக்கொண்டு போன மகனோடு சேர்ந்து மீன் பிடித்தாவது சமாதானம் ஆகலாம் என்று வந்திருக்கிறாள், இவளைக் கோமாளியாக அனுப்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டார். மேஜைமேல் இருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு நாலைந்து பாக்கெட்டுகளைப் பரப்பினார்.

"இங்கே பாருங்கம்மா. நம்ம ஏரித் தண்ணி கண்ணாடி. இருபதடி ஆழத்துல கிடக்கிற கூழாங்கல்லை மேலேருந்தே எண்ணிடலாம். கலங்கின தண்ணியா இருந்தா பளபளன்னு போடலாம். இங்கே மீன் எல்லாத்தையும் நின்னு நிதானமாப் பார்க்கும். புகைச் சாம்பல், இல்லேன்னா பூசணித்தோல் பச்சை, இல்லேன்னா இந்த நண்டுப் பழுப்பு. சின்ன ஈயத்தலை வச்ச கொக்கி, ஜிக்குன்னு சொல்வோம், அதுல கோத்துக்கங்க. ஈயம் லேசா இருக்கணும், அப்பத்தான் மெதுவா இறங்கும்."

கோலீன் புகைச் சாம்பலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது ஆழத்துல தெரியுமா?"

"கிட்டத்துல வந்தாத்தான் தெரியும். அதுதானே வித்தையே!"

"அப்ப வேணாம். சிவப்பு?"

"சிவப்பு ஆழம் போகப் போகக் கறுத்துடும்மா."

"எதுதாங்க அடி வரைக்கும் தெரியும்?"

ரெய்னோ பெருமூச்சு விட்டார். "உங்க கையில இருக்கிற அந்தக் கண்றாவிதான்."

"இதுவே போதும். இருக்கிறதுலேயே கனமான ஈயமாக் குடுங்க. எவ்வளவு ஆழமா இருந்தாலும் நேரா அடிக்குப் போயிடணும்."

"அய்யோ, அம்மா..."

"இந்த மனுஷனுக்குத் தான் சொன்னதுதான் வேதம்! அவங்க கேக்கிறதைக் குடேன்யா. நிறத்தைப் பத்தி அவங்க பிள்ளை சொல்லிக் குடுத்துக்கட்டும்" என்று சீறினாள் எல்சா.

ரெய்னோ முணுமுணுத்துக்கொண்டே பெரிய ஈயத்தலை ஜிக் ஒன்றை எடுத்து, அந்த எலுமிச்சைப் பச்சை மீனைக் கோத்தார். கோலீன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொக்கி முனையை வெட்டிடுறீங்களா? குத்திடப் போகுது."

புதுசாகத் தூண்டில் பிடிப்பவர்களுக்கு இந்தப் பயம் சகஜம். விரலில் ஏறிவிடும் என்று பயப்படுகிறாள். அவளிடம் வாதாடிப் பிரயோஜனமில்லை என்று ரெய்னோவுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிங் பிளேயரால் முனையை நறுக்கிவிட்டு ஜிக்கை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தாள். வெளியே படகுத்துறையில் அவளுக்காக ஒரு வாடகைப் படகு காத்திருந்தது.

ரெய்னோவால் அப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. "நான் சொல்லலேன்னு அப்புறம் வருத்தப்படக் கூடாதும்மா. அந்த ஆழத்துல, அந்த நிறத்துக்கு, கொக்கி முனையும் இல்லாம, ஒரு மீன்கூட வராது!"

கோலீன் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"மீன் வர வேணாங்க. படகு கவிழ்ந்து அடியில கிடக்கிற என் பிள்ளைக்கு, அம்மா வந்துட்டேன்னு தெரிஞ்சாப் போதும்."