வலக்காதின் பங்கு

2025 மே 3, சனிக்கிழமை. கல்லூரி முடிந்துவிட்டது, இனி ஒரே பேருந்தில் வைஷ்ணவியின் அருகே உட்கார அஃபீஃபாவுக்குக் காரணம் ஏதுமில்லை. வைஷ்ணவியின் குறை இது ஒன்றே.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பீமராவின் இசைக்கருவிக் கடையில், கண்ணாடி மேசைமேல் இரண்டு பீட் கருவிகள் இருந்தன. இரண்டிலும் பதினாறு பேடுகள். ஒவ்வொரு பேடிலும் ஓர் ஒலியை ஏற்றி, விரலால் தட்டித் தாளம் கட்டலாம்.

சிறியது நோட்டுப்புத்தகம் அளவு. சார்ஜ் போட்டுக் கைப்பையில் எடுத்துப் போகலாம். பெரியது அரை மேசையை அடைத்துக்கொள்ளும். பிளக் இல்லாத இடத்தில் அது வெறும் பலகை.

இருவரும் சேர்ந்து வாங்கக்கூடியது ஒன்றுதான்.

சிறியதை வாங்கினால் வாரம் ஒருவரென முறை வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீரங்கத்தில் வைஷ்ணவியும் நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கம் அஃபீஃபாவும் தத்தம் வீட்டிலிருந்தே பீட் போடலாம். கருவி காவிரிப் பாலத்தைக் கடக்கும். ஆள் கடக்க வேண்டியதில்லை.

பெரியது நகராது. நகராத பொருளைத் தேடி யாராவது ஒருவர் வந்தே ஆகவேண்டும்.

“பெருசை வாங்காதீங்கம்மா,” என்றார் பீமராவ். “நாளைக்குக் கல்யாணமாகிப் போற எடத்துல இதை வெச்சா, மாப்பிள்ளை நின்னுக்கிட்டே தூங்கணும்.”

“நிக்கட்டும் அங்கிள். காலால தாளம் போடட்டும்,” என்றாள் அஃபீஃபா.

மூன்றாண்டுகளாக, சத்திரத்தில் ஏறிக் காட்டூர் தாண்டி இறங்கும்வரை, அவர்கள் அஃபீஃபாவின் கைபேசியில்தான் பீட் கட்டினார்கள். இயர்போன் ஒன்று, ஆளுக்கு ஒரு முனை. ஜன்னலோரத்து வைஷ்ணவிக்கு இடக்காதில், அஃபீஃபாவுக்கு வலக்காதில்.

பேருந்தில் இருவர் ஓர் இயர்போனைப் பகிர்ந்துகொள்வது தவறன்று. அதைக் கொண்டே இசை அமைத்ததுதான் தவறு. வைஷ்ணவி பேருந்தில் தான் பதிவுசெய்த ஒலிகளையெல்லாம் தன் காதுக்குக் கேட்கும்படி இடப்பக்கம் வைத்தாள். அஃபீஃபா தன்னுடையவற்றை வலப்பக்கம் வைத்தாள். பாதியைக் கேட்டுவிட்டே பிரமாதம் என்று வைஷ்ணவி கைகொடுத்து வந்தாள்.

பீமராவ் அந்தக் கைபேசியிலிருந்த ஒலிகளைச் சிறிய கருவியில் ஏற்றினார். பெரிய ஹெட்போன் ஒன்றை வைஷ்ணவியின் தலையில் மாட்டினார். பிறகு, மற்றதைக் காட்ட அஃபீஃபாவை அழைத்துக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போனார்.

இரண்டு காதுகளும் மூடின. கடைவீதி அணைந்தது.

முதல் பேடு: படிக்கட்டில் தொங்குகிறவர்கள் தகரத்தில் தட்டும் தட்டு. அவள் வைத்தது. அடுத்தது, வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கும் ‘தடக்’. அதுவும் அவளுடையதே. எட்டுவரை எல்லாம் இடக்காது.

ஒன்பதாவதில் ஒலி வலப்பக்கம் போயிற்று. டிக்கெட் கிழியும் ஓசை. தார்ப்பாயில் மழை. நடத்துநர் சில்லறையைக் குலுக்குவது. அவள் தினமும் போய்வந்த அதே பேருந்துதான். ஆனால் அதில் அவள் ஏறியதே இல்லை போலிருந்தது.

பதினாறாவதை விரல்நுனியால் தொட்டாள்.

மூச்சு.

உறங்குகிறவரின் மூச்சு. உள்ளே போகையில் ஒன்றுமில்லை. வெளியே வருகையில் மூக்கில் ஒரு சின்னச் சீழ்க்கை. அந்தச் சீழ்க்கைக்காகவே வைஷ்ணவியின் அக்கா அவளோடு ஒரே அறையில் படுக்க மறுத்திருக்கிறாள்.

மாலைப் பேருந்தில், அரியமங்கலம் வருவதற்கு முன்பே, அஃபீஃபாவின் தோளில் அவள் தூங்கிவிடுவது வழக்கம்.

மறுபடி தொட்டாள். மழைக்கும் சில்லறைக்கும் நடுவே மூச்சு வந்து வந்து போயிற்று. பேருந்து மெல்லத் தரையை விட்டது. தன் வழித்தடத்தில் இல்லாத காவிரிப் பாலத்தின்மேல் ஏறிற்று. கீழே கோடை மணல் வெண்மையாகப் பின்னோக்கி நகர்ந்தது. கன்னத்துக்கு அடியில் ஒரு தோள் இருந்தது. அது வலித்திருக்கும். மூன்றாண்டுகளில் அது ஒருமுறைகூட அசைந்ததில்லை.

அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. தூசி விழுவதுபோல் விரல் பட்டாலும் மூச்சு கேட்டது. அவ்வளவு நுட்பமான கருவி அது.

ஹெட்போனைக் கழற்றியபோது அஃபீஃபா எதிரே நின்றிருந்தாள். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவளைப் போலத் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“சின்னது எப்படிடி இருக்கு? எல்லாத்தையும் கேட்டியா?”

“மொக்கைடி,” என்றாள் வைஷ்ணவி. “மெதுவாத் தட்டினா கேக்கவே மாட்டேங்குது.”

அஃபீஃபா துப்பட்டாவை விட்டாள்.

“அப்ப பெருசே எடுத்துக்கலாம். ஆனா எங்க வீட்டுல வைக்க எடமே இல்லடி. ஒங்க வீட்டுலயே இருக்கட்டும், நான் வந்துக்கறேன். தெனம் வந்தா ஒங்கம்மா திட்டமாட்டாங்கல்ல?”

மார்ச்சில், பெருநாளன்று, வைஷ்ணவியை உட்காரவைத்து அஃபீஃபா வீட்டார் சேமியா கொடுத்தது அவர்கள் வீட்டு மாடியில். அஃபீஃபாவின் அண்ணன் ஜமீல் துபாய் போனபின் யாரும் புழங்காத அறை. நீளமான மேசை, அதன்மேல் ஒன்றுமில்லை. மேசைக்கு நேர்மேலே சுவரில் இரண்டு பிளக்குகள்.

“திட்டமாட்டாங்க,” என்றாள் வைஷ்ணவி. “சாப்புடு சாப்புடுன்னு உயிரை எடுப்பாங்க. பரவாயில்லையா?”

பீமராவ் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்க ஏணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சிறிய கருவி இன்னும் அந்தக் கண்ணாடி மேசைமேல்தான் இருக்கிறது. நீங்களும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, அதில் குறையொன்றும் இல்லையே என்று அஃபீஃபாவிடம் சொல்லாதீர்கள். அந்த மாடியறையைப் பற்றி அவள் வீட்டில் விசாரிக்காதீர்கள். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உங்களுக்கு இருந்தால், வேறு யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள்.