எல்லாரும் இறங்கியாச்சா?

மோதி நொறுங்கிய காரை இழுத்துப் போகுமுன் கூரையில் தட்டி, "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்பது மீட்பு வண்டி ஓட்டுநரின் வழக்கம். ஆள் இருக்கும் காரை அவர் இழுக்கவே மாட்டார்.

கீறல்கூட இல்லாமல் தப்பிய கணவனும் மனைவியும் ஓரமாக நின்றார்கள். அவர் தட்டினார். உள்ளேயிருந்து பதில் தட்டு வந்தது. கதவு, டிக்கி எல்லாம் திறந்து பார்த்தார். காலி.

"நாங்க ரெண்டு பேர்தாண்ணே வந்தோம். எடுங்க," என்றான் கணவன்.

"வழியெல்லாம் தட்டிக்கிட்டே வந்தா நான் எப்படித் தம்பி ஓட்டுறது?"

மனைவி பின்கதவைத் திறந்தாள். "இறங்கு, வீட்டுக்குப் போலாம்."

அழுந்தியிருந்த காரின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. ஓட்டுநர் மறுபடி தட்டினார். சத்தமில்லை. கொக்கியை மாட்டினார்.

டாக்ஸி வந்தது. கணவன் ஏறி ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தான். மனைவி கதவைப் பிடித்தபடி கொஞ்சம் காத்திருந்து, பிறகு ஏறினாள்.