கழுத்துக்கு ஒரு கத்தி

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கத்தி செய்து தரவேண்டும் என்று மருமகள் கேட்டதும், பட்டறைக்காரர், அவளோடு வந்திருந்த மாமியாரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வீட்டுல ஏதாவது தொந்தரவாம்மா?"

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று மாமியார் சிடுசிடுத்தார்.

மருமகள் மாதிரிக் கத்திகளை ஒவ்வொன்றாக மாட்டி, குனிந்து, நிமிர்ந்து, கைகளை வீசிப் பார்த்தாள். எடையே தெரியாத ஒன்று நெஞ்சோடு ஒட்டி நின்றது.

"இதே மாதிரி செய்ங்க. எதுலயாவது சிக்கினா கழுத்துக் கயிறு தானா அறுந்துடணும். முனை மட்டும் மழுங்கலா இருக்கட்டும்."

"மழுங்கலா இருந்தா எதிராளியைக் குத்த முடியாதேம்மா!"

"குத்தவே கூடாதுண்ணே."

அடுத்த மாதம் நடுக்கடலில், மீட்புப் படகிலிருந்து மருமகள் நீருக்குள் பாய்ந்தாள். கிழிந்த வலையில் சிக்கிய டால்பின் குட்டி, மூச்சுவிட மேலே வர முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதை அணைத்தபடி, மறு கையால் கழுத்துக் கத்தியை உருவி வலையை அறுத்தாள்.

குட்டி ஒரு கீறல்கூட இல்லாமல் மேலே துள்ளி, தாயிடம் பாய்ந்தது. சுற்றியிருந்த படகுகளில் கைதட்டல் எழுந்தது.

மீட்புப் படகை ஓட்டிவந்த மாமியார் எழுந்து நின்று, கரை வரைக்கும் கேட்கும்படி கூவினார்:

"அவ என் மருமக!"