கெய்ரோ பாங்கு

"அந்த நாத்திகன் எங்க உட்காருவான்னு மட்டும் காட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றார் ஷேக் பத்ராவி, நாற்காலியில் அமர்வதற்கு முன்பே.

"இங்கதான் எங்கயாவது உட்காருவான் ஷேக். நீங்க முதல்ல உட்காருங்க," என்றார் ஹாஜி ஷஹாத்தா.

கெய்ரோவிலிருந்து அன்று மதியம்தான் ஷேக் அலெக்ஸாண்ட்ரியா வந்து இறங்கியிருந்தார். ரமலான் வந்தால் ஹாஜி தன் காப்பிக்கடை வாசலில் நீள மேஜை போட்டுத் தெருவுக்கே நோன்பு திறக்கச் சாப்பாடு போடுவார். நோன்பே வேண்டாத வேலை என்று பேசித் திரியும் ஃபிக்ரியும் அதில் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறானாம். பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் ஷேக்கிடம் அழுதிருந்தார்கள். இன்றோடு அவனை அந்த மேஜையிலிருந்து எழுப்பிவிட வேண்டும். நோன்பு திறந்ததும் ஷேக் என்ன தீர்ப்புச் சொன்னாலும் கட்டுப்படுவதாக ஹாஜியும் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பக்கத்திலிருந்த நரைத்த மீசைக்காரர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டு, ஷேக்கின் முதுகுக்குத் திண்டு ஒன்றும் வைத்தார். ஷேக்குக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. அவரிடமே விசாரணையைத் தொடங்கினார்.

"நோன்பை வெறும் பட்டினிங்கறானாமே?"

"ஆமா ஷேக். நம்ம வயித்தைக் காயப்போட்டு ஆண்டவனுக்கு என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறான். இதோ, இவங்க மூஞ்சிக்கு நேராத்தான் கேக்கறான். ஆனா பகல்ல இவங்க முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல."

"பயம்."

"மரியாதையாவும் இருக்கலாம். அவனுக்குச் சண்டை நோன்போடதான். நோன்பு பிடிக்கறவங்களோட இல்ல."

எதிரே மீன்காரர் சாபிருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மேஜை நெடுகத் தலைகள் குனிந்தன. தம் முன்னால் அந்தப் பேச்சுக்கே கூசுகிறார்கள் என்று ஷேக் எடுத்துக்கொண்டு, ஒரு சிறு பிரசங்கமும் செய்தார். அப்படிப்பட்டவன் நிழல் பட்டாலே சோறு விஷமாகும் என்றார். ஈமான் என்ற இறைநம்பிக்கை உள்ளவன் யார், இல்லாதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே தம்மால் சொல்லிவிட முடியும் என்றார்.

கடைக்குள் டி.வி.யில் அந்திநேரத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. ஷேக் பேரீச்சம்பழத்தை எடுத்தார். மற்றவர்கள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். பெரியவர் முதலில் தொடட்டும் என்று காத்திருக்கிறார்கள் போலும், பண்புள்ள தெரு.

பழம் உதட்டைத் தொடும் நேரத்தில் மீசைக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறுங்க ஷேக். அது கெய்ரோ பாங்கு. அங்க சூரியன் விழுந்தாச்சு. நம்ம ஊர்ல இன்னும் அஞ்சு நிமிஷம் கிடக்கு. இப்ப வாயில போட்டா இன்னிக்கு நோன்பு போச்சு."

ஷேக் திரும்பிப் பார்த்தார். தெருக்கோடியில், கடலின் மேல், சூரியன் இன்னும் சிவப்பாக மிச்சமிருந்தது. பழத்தை மெல்லக் கீழே வைத்தார்.

தெருமுனைப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். எல்லோரும் நோன்பு திறந்தார்கள். ஷேக் எழுந்து நின்று மீசைக்காரரின் தோளில் கை வைத்தார்.

"ஹாஜி, என் தீர்ப்பைக் கேளுங்க. நோன்போட அருமை இவருக்குத்தான் தெரியும். நான் இருந்தாலும் இல்லாட்டியும் இந்த இடம் இவருக்குத்தான். இவரை எழுப்பறவன் என்னை எழுப்பின மாதிரி."

ஹாஜி ஷஹாத்தா மீன்சோற்றுத் தட்டை மீசைக்காரர் பக்கம் தள்ளினார்.

"கேட்டுக்கிட்டியா ஃபிக்ரி? நல்லா உட்கார்ந்து சாப்பிடு."