அக்காவின் தோளில் இரண்டு பைகள்

"இடது கையால ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. எழுதிக்கோ!" என்று மனைவிக்கு உத்தரவு போட்டார் மேலாளர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அவருடைய கோட்டும் குரலும் மட்டும் இன்னும் பணியில்தான் இருந்தன.

மனைவி எழுதினாள். அவள் இடது தோளில் கனத்த பைகள் இரண்டு தொங்கின.

எதிரே இருந்த தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்புப் புற்றுக்கு அறுவை செய்யும்போது அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டால், அந்தப் பக்கத்துக் கை வீங்கிப்போகலாம். அது வராமல் காத்துக்கொள்ள மருத்துவமனையில் சொல்லித்தரும் வகுப்பு அது. நர்ஸ் வருவதற்குள் இந்த மனிதர் பாடத்தையே முடித்துவிடுவார் போலிருந்தது.

"அந்தக் கையில ஊசி போட வந்தா விடாதே. பிரஷர் பாக்க வந்தாலும் விடாதே. இறுக்கமா எதுவும் கட்டக் கூடாது."

சொல்லிவிட்டு, வலது மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். கடிகாரம் கட்டுவதில்கூட ஒரு தனி மிடுக்கு!

"சரிங்க," என்றாள் மனைவி.

தையல்காரியின் அண்ணிக்கு இப்படித்தான், கவனிக்க ஆளில்லாமல் கை தலையணையாக வீங்கியது. இந்த அக்காவுக்கும் அதே கதிதானா?

"சார், வாய் கிழியப் பேசுறீங்களே, முதல்ல அக்கா தோள்லேருந்து அந்த மூட்டையை வாங்குங்க! கை வீங்கினா உங்க கோட்டா வந்து துணி துவைக்கும்?"

அறையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேலாளரின் கை பாதி நீண்டது. என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது.

'கல்நெஞ்சக்காரர்' என்று முணுமுணுத்தபடி தையல்காரியே எழுந்துபோய்ப் பையைப் பிடித்து இழுத்தாள். மனைவி விடவில்லை.

"இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் கனமில்லே."

நர்ஸ் அளவு நாடாவோடு உள்ளே வந்தாள். "எல்லாரும் சட்டைக் கையை மடிச்சு விடுங்க. சுற்றளவு எடுக்கணும்."

"முதல்ல இந்த அக்காவுக்கு எடுங்க சிஸ்டர். பாவம்!"

மனைவி பைகளைக் கீழே வைத்தாள். கணவரிடம் போய், கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"எல்லாரும் பாக்கிறாங்க," என்றார் மேலாளர். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"பாக்கட்டுமே. ஆம்பளைக்கும் இந்த நோய் வரும்னு டாக்டரே சொன்னாரில்லே?" என்றபடி, அவருடைய இடது சட்டைக் கையை வலிக்காமல் மடித்துவிட்டாள்.