ஷட்டில் கோர்ட்டுக்கு ஒரு ஓட்டு

நல்லம்பள்ளியில் ஒரு குடியிருப்புக்குள் வரப்போகும் பூங்காவில் நடைபாதை போடுவதா, ஷட்டில் கோர்ட் போடுவதா என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

"நடக்கறதுக்குப் பாதை போட்டா பொம்பளைங்க நாங்களும் வெளிய வருவோம். ஷட்டில்னா ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான்" என்றாள் ரோசம்மாவின் பக்கத்து வீட்டு யுவராணி.

ரோசம்மா எழுந்தாள். "ஷட்டில்தாங்க வேணும். ரிட்டயர் ஆனவங்க பொழுதுக்கும் வூட்டுலயே கெடந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அக்கா, நீங்களே இப்பிடிப் பேசலாமா?"

ரோசம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினாள். கடைசியில் ஷட்டிலுக்கே அதிகம் பேர் கை தூக்கினார்கள்.

"ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் குடுத்து வெச்சவருங்க" என்றார் சங்கத் தலைவர் முருகேஷ்.

வீட்டு வாசலிலேயே ரோசம்மாவின் கணவர் ஸ்தனிஸ்லாஸ் காத்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவர் படி தாண்டியதில்லை. குழம்புக்கு எவ்வளவு உப்பு, போனில் யார், குளிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் பின்னாலேயே சுற்றினார். சாயங்காலம் கொஞ்ச நேரம் அவர் விளையாடப் போனால், வீட்டில் தனியாக மூச்சு விடலாம் என்றுதான் ரோசம்மா அப்படிப் போராடினாள்.

"ஷட்டில் கோர்ட்டா வருது?" அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. நம்ம ஜன்னல்லருந்தே எல்லாம் தெரியும். தெனமும் நீயும் நானும் இங்கயே ஒக்காந்து பாக்கலாம்."

ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்.

நடைபாதை வந்திருந்தால் தானாவது வெளியே போயிருக்கலாமே என்பது ரோசம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.