ரெஜைனாவின் தூண்

"பெட்டியை மூடு, லோர்னா. தூண் மாதிரி நின்னேன். இந்த ரெஜைனா ஊருக்கு நன்றியே கிடையாது," என்றார் டெட்ரிக்.

அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து கனடாவுக்கு வந்து, பதினோரு வருடம் இந்த ஊர் அணிக்கு, பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஃபுட்பால் ஆடியவர். ஆடியவர் என்றால், பந்தைத் தொட்டவர் அல்ல. பந்தை எறிபவனை எதிரிகள் நெருங்காதபடி முன்னால் நின்று முட்டித் தள்ளுவதுதான் அவர் வேலை. நேற்று அந்த இடத்தை ஒரு கனடாக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஊர்க்காரங்க தடுத்தா இருந்துடுவியா?" என்றாள் மனைவி. அவள் பிறந்த ஊர் இது.

"ஒருத்தர் வந்து கேட்கட்டும், பார்க்கலாம்."

அழைப்பு மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தார். தெருவே வாசலில் திரண்டிருந்தது. அவசரமாகப் பெட்டியிலிருந்து அணிச் சட்டையை உருவி மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"போகாதீங்க தம்பி," என்று கண் கலங்கினாள் எதிர்வீட்டு ஓல்கா. "நீங்க இல்லாம நாங்க என்ன பண்ணுவோம்?"

டெட்ரிக் நெஞ்சை நிமிர்த்தினார். "என் ஆட்டத்தை நீங்களாவது மறக்காம..."

"ஆட்டமா? அதுக்குத்தான் வேற பையன் வந்தாச்சாமே, நல்லா ஆடுறானாம். பனியில சிக்குற எங்க காரையெல்லாம் யாரு தள்ளுவா? காலையில பெய்ஞ்சதுக்கே என் வண்டி தெருமுனையில புதைஞ்சு கிடக்கு!"

டெட்ரிக் அணிச் சட்டையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஓல்காவின் காருக்கு அவர் தோள் கொடுத்தபோது லோர்னா வாசலிலிருந்து கத்தினாள்: "பெட்டியைப் பிரிக்கட்டுமா?"

"சீக்கிரம் பிரி! கையுறை அடியில கிடக்கு!"